பொருள் தேடியவர் கல்விக்கு வாசல் திறந்தார்
மர்ஹூம் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களின் வாழ்வும் தலைமையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி நடைபெற்ற கல்வி விழிப்புணர்வு அமர்வில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!

 

கணக்குகள் வாசிக்கப்பட்டன, தீர்மானங்கள் முன்மொழியப்பட்டன. அவற்றுள் ஒன்று, ஜமாஅத்தின் பைத்துல்மாலில் கல்விக்கென்று ஒரு தனி நிதி வைப்பதா, வேண்டாமா என்பது. அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை உங்களுடையது. அந்த முடிவுக்கு முன்பாக, நம் வீட்டு வாசலுக்கு மிக அருகில் வாழ்ந்து காட்டிச் சென்ற ஒரு மனிதரின் வரலாற்றை உங்கள் முன் வைப்பது பயனுடையது என்று நாம் கருதுகிறோம்.

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் இரும்புலியூர், பெருங்களத்தூர் கடந்து வண்டலூரை அடையும்போது ஒரு பெரும் கல்வி வளாகம் தென்படும். கிரசென்ட் என்று நாம் அனைவரும் அழைக்கும் அந்த வளாகத்திற்குச் சீதக்காதி எஸ்டேட் என்பது முகவரி. நம்மில் பலர் அந்த வாசலைப் பேருந்தின் சன்னல் வழியே ஆயிரம் முறை பார்த்திருப்போம். அதை எழுப்பியவர் யார், எங்கிருந்து வந்தார், எப்படி நடத்தினார் என்பதை நம் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லியிருப்போம்?

சகோதரர்களே! இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரைப் பட்டினமான கீழக்கரையில் 1927-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் பிறந்தார்கள். ஊரார் அவரைச் 'சேனா ஆனா' என்றும், வெளியுலகத்தார் 'பி.எஸ்.ஏ.' என்றும் அழைத்தார்கள். கீழக்கரை என்றதும் நம் நினைவுக்கு வருவது வள்ளல் சீதக்காதி அவர்களின் பெயர். சேக் அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் கொண்ட அந்த மரைக்காயர், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு சேதுபதி மன்னரின் அன்புக்குரியவராக, கப்பல் வணிகராக, புலவர்களை ஆதரித்தவராக விளங்கினார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்த கையும் அதுவே. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று சாதி மத வேறுபாடின்றித் தமிழ் மக்கள் அனைவரும் சொல்லும் சொல், ஒரு முஸ்லிம் வணிகரைப் பற்றியது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அந்தப் பெயரைத் தம் அறக்கட்டளைக்கும் தாம் எழுப்பிய வளாகத்திற்கும் பி.எஸ்.ஏ. அவர்கள் சூட்டினார்கள். தம் ஊரின் முன்னோர் விட்டுச் சென்ற மரபைத் தாமும் சுமக்க வேண்டும் என்ற உணர்வாகவே நாம் இதைப் பார்க்கிறோம்.

இளம் வயதிலேயே அவர் பொருள் தேடிக் கடல் கடந்தார். கொழும்பில் தொடங்கிய முத்து, இரத்தினக்கல் வணிகம், பின்னர் ஹாங்காங் வரை விரிந்தது. கட்டுமானத் துறையிலும் அவர் கால் பதித்தார். சென்னையில் ஜெமினி மேம்பாலம் என்று நாம் சொல்லும் அண்ணா மேம்பாலம் 1973-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதை 21 மாதங்களில், 66 இலட்சம் ரூபாய் செலவில் கட்டி முடித்தது அவருடைய ஈஸ்ட் கோஸ்ட் கன்ஸ்டிரக்சன்ஸ் நிறுவனம். தமிழகத்தின் தலைநகரில் முதன்முதலாக எழுந்த அந்த மேம்பாலத்தில் ஒரு கீழக்கரைக்காரரின் உழைப்பு இருக்கிறது.

அதே 1973-ஆம் ஆண்டில் துபாயில், அல்குரைர் குடும்பத்தாருடன் கூட்டாக ஈ.டி.ஏ. நிறுவனம் தொடங்கப்பட்டது. எண்ணெய் வளம் வளைகுடா நாடுகளின் முகத்தையே மாற்றிக் கொண்டிருந்த காலம் அது. கட்டிடம், மின்தூக்கி, குளிர்சாதனம், கப்பல், வாகனம் என்று பல துறைகளில் அந்நிறுவனம் வளர்ந்தது. தமிழகத்திலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் அதில் வேலைக்குச் சென்றனர். நம் மஹல்லாவிலும் 'நான் ஈ.டி.ஏ.வில் இருந்தேன்' என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இந்த சபையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய திர்ஹத்தில் எத்தனை குடும்பங்களின் அடுப்பு எரிந்தது, எத்தனை குமர்ப்பிள்ளைகளுக்குத் திருமணம் முடிந்தது என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

பெரும் செல்வம் சேர்த்தவர்கள் பலர் உண்டு. அவர்களுள் பி.எஸ்.ஏ. அவர்களைத் தனித்துக் காட்டுவது, அந்தச் செல்வம் எந்தத் திசையில் திரும்பியது என்பதே ஆகும்.

அன்றைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தமிழக முஸ்லிம்கள் கல்விக்கு எதுவுமே செய்யவில்லை என்று எவரேனும் சொன்னால் அது உண்மையன்று. வாணியம்பாடியில் 1919-இலேயே இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரியும், திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் தோன்றின. 1955-இல் நீதியரசர் பஷீர் அஹமது சயீத் அவர்கள் சென்னையில் பெண்களுக்கென்றே கல்லூரி கண்டார்கள். ஆயினும் இவையெல்லாம் கலை, அறிவியல் கல்லூரிகளாகவே இருந்தன. பொறியியல் படிப்பு என்பது நம் சமுதாயத்துப் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே எட்டிய கனியாக இருந்தது. வளைகுடாவில் கட்டிடம் கட்டச் சென்ற நம்மவரில் பெரும்பாலோர் கல்லும் கம்பியும் சுமந்தார்கள். வரைபடம் கையில் வைத்திருந்தவர் வேறொருவராக இருந்தார்.

1984-ஆம் ஆண்டு, எம்.ஜி.ஆர். அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது, தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. அந்த முதல் ஆண்டிலேயே முன்வந்தவர்களுள் ஒருவர் பி.எஸ்.ஏ. அவர்கள். வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. அதற்கு முன்னரே அங்கு கிரசென்ட் உறைவிடப் பள்ளி எழுந்திருந்தது. இன்று வண்டலூரைச் சுற்றிலும் அடுக்குமாடிகளும், 2023-இன் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் இருக்கின்றன. அன்றோ அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா கூட மக்களுக்குத் திறக்கப்படவில்லை; அது 1985-இல்தான் திறக்கப்பட்டது. காப்புக்காடும் குன்றும் சூழ்ந்த அந்தப் புறநகரில் கல்லூரி தொடங்குவதற்குத் தொலைநோக்கு வேண்டும்.

இப்பகுதிக்கு இது புதிய செய்தியும் அன்று. ஜார்ஜ் டவுனில் நெருக்கடியில் இயங்கிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, 1937-இல் தாம்பரத்தின் காட்டுப் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. நகரத்தை விட்டு இவ்வளவு தொலைவுக்கு யார் வருவார்கள் என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். இன்று அக்கல்லூரியைச் சொல்லாமல் தாம்பரத்தைப் பற்றிப் பேச முடியுமா? ஒரு சமயத்தாரின் நல்ல முன்மாதிரியை மற்றொரு சமயத்தார் எடுத்துக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. இரு நிறுவனங்களிலும் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படித்தார்கள்; படித்துக் கொண்டும் இருக்கிறார்கள்.

பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய அந்நிறுவனம் 2008-ஆம் ஆண்டின் இறுதியில் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்று, பி.எஸ். அப்துர் ரஹ்மான் பல்கலைக்கழகம் ஆயிற்று. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லைப் பெயரில் பயன்படுத்தலாகாது என்று 2017-இல் ஆணை வந்த பிறகு, அதன் பெயர் பி.எஸ். அப்துர் ரஹ்மான் கிரசென்ட் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்று அமைந்தது. பெயர் மாறினாலும் பட்டம் வழங்கும் தகுதி மாறவில்லை என்பதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல்கலைக்கழகம் ஆனதும் பி.எஸ்.ஏ. அவர்கள் அதன் வேந்தர் ஆனார்கள். அவருடைய தலைமைப் பண்பில் நாம் கற்க வேண்டிய பாடங்கள் சில உள்ளன.

முதலாவது, அமானிதத்தை அதற்குரியவரிடம் ஒப்படைத்தல். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வேந்தர் என்பவர் தலைவர். அன்றாடப் பாடத்திட்டமும், தேர்வும், ஆசிரியர் நியமனமும் துணைவேந்தரின் கையில் இருக்க வேண்டியவை. பணம் போட்டவரே எல்லாவற்றையும் முடிவு செய்யத் தொடங்கினால் கல்வி நிலையம் கடையாகிவிடும். அங்கு துணைவேந்தர்களாக அமர்ந்தவர்களைப் பாருங்கள். பல்கலைக்கழகமான தொடக்க ஆண்டுகளில் கல்வியாளர் பி. கண்ணியப்பன் அவர்கள் அப்பொறுப்பை வகித்தார்கள். பின்னர் காஷ்மீர், புதுச்சேரி பல்கலைக்கழகங்களின் துணைவேந்தராகப் பணியாற்றிய ஜே.ஏ.கே. தரீன் அவர்கள் வந்தார்கள். முஸ்லிம்களின் நிறுவனம் என்பதற்காகத் தகுதியை ஒதுக்கிவைத்து உறவைத் தேடவில்லை. நம் பள்ளிவாசல்களிலும் மதரஸாக்களிலும் பொறுப்புக்கு ஆள் தேடும்போது இந்த அளவுகோலை நாம் கையில் எடுக்கிறோமா?

இரண்டாவது, பெண் கல்வி. 1988-ஆம் ஆண்டு கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி தோன்றியது. வயதுக்கு வந்த பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பவே தயங்கிய கடற்கரைப் பட்டினம் அது. வெளியூருக்கு அனுப்ப மனமில்லையா? கல்லூரியே உங்கள் ஊருக்கு வரும் என்று காட்டினார்கள். விவாதம் செய்து வெல்வதைக் காட்டிலும் வாசலைத் திறந்து வைத்து வெல்வது மேலானது.

மூன்றாவது, தீனையும் துன்யாவையும் பிரிக்காதிருத்தல். பொறியியல் கற்பிக்கும் அதே வண்டலூரில் புகாரி ஆலிம் அரபுக் கல்லூரியும் அமைந்தது. ஆலிமாக ஓதும் மாணவர் பட்டப்படிப்பும் படிக்க முடியும் என்ற நிலை ஏற்பட்டது. மதரஸாவிலேயே ஓதி வளர்ந்த நம் போன்றவர்களுக்கு இதன் அருமை நன்கு தெரியும். முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் மதரஸாவுக்கே போகிறார்கள் என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 3 விழுக்காட்டினரே முழுநேர மதரஸாவில் இருக்கிறார்கள் என்று 2006-இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை சொன்னது. நாடு முழுவதும் இருபது வயதைக் கடந்த முஸ்லிம்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் 4 விழுக்காட்டுக்கும் குறைவு என்று சொன்னதும் அதே அறிக்கைதான். ஆகவே பிள்ளைகள் மதரஸாவிலும் இல்லை, கல்லூரியிலும் இல்லை. இடையிலே எங்கோ, ஒரு பட்டறையிலோ பிரியாணிக் கடையிலோ நிற்கிறார்கள்.

நான்காவது பாடம் மிக முக்கியமானது. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் பி.எஸ்.ஏ. அவர்கள் சென்னையில் வஃபாத் ஆனார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதன் பிறகு வந்த ஆண்டுகளில் ஈ.டி.ஏ. குழுமம் பெரும் கடன் நெருக்கடிக்கு உள்ளாகித் தன் பழைய நிலையை இழந்தது. அதில் பணியாற்றிய பலர் துன்பத்துடன் ஊர் திரும்பியதை நாம் அறிவோம். வணிகம் என்பது அலை, ஏறும், இறங்கும். எவ்வளவு திறமையாளருக்கும் அது பொதுவானது. ஆனால் வண்டலூர் வளாகத்தில் வகுப்புகள் இன்றும் நடக்கின்றன. கீழக்கரையில் பெண்பிள்ளைகள் இன்றும் கல்லூரிக்குச் செல்கிறார்கள். கல்விக்கென்று ஒதுக்கிக் கொடுத்தது நின்றது. கையில் வைத்திருந்தது கரைந்தது.

மனிதன் மரணித்த பிறகும் அவனுக்கு நன்மையைச் சேர்த்துக் கொண்டிருப்பவை நிலைத்து நிற்கும் தர்மமும், பிறர் பயன்பெறும் கல்வியும், துஆச் செய்யும் நல்ல பிள்ளையும் என்பது நாம் மக்தபிலேயே படித்த பாடம். ஒரு கல்லூரி இம்மூன்றில் முதல் இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடுகிறது. டெல்லியில் ஹக்கீம் அப்துல் ஹமீது அவர்கள் தம் ஹம்தர்த் மருந்து நிறுவனத்தையே 1948-இல் வக்ஃபாக்கினார்கள். அதன் வருவாயில் வளர்ந்த கல்வி நிலையங்கள் 1989-இல் ஜாமியா ஹம்தர்த் என்னும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயின. அவர் 1999-இல் மறைந்தார், பல்கலைக்கழகம் நிற்கிறது. வடக்கே ஒரு யூனானி மருத்துவர், தெற்கே ஒரு முத்து வணிகர். இருவரும் கண்ட வழி ஒன்றே.

இவ்விடத்தில், உங்களில் சிலரின் உள்ளத்தில் எழும் கேள்வியை நாமே கேட்டுவிடுகிறோம். 'ஹஜ்ரத், எல்லாம் சரி. தனியார் பல்கலைக்கழகத்தின் கட்டணம் கட்ட நம்மால் முடியுமா? வாசல் திறந்திருக்கிறது, உள்ளே போகப் பணம் வேண்டுமே' என்று கேட்பீர்கள். இது நியாயமான கேள்வி. எந்தத் தனியார் கல்வி நிலையத்தையும் பற்றிக் கேட்கத் தக்க கேள்வி. மூடி மறைக்க வேண்டியதில்லை.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மாநில அரசின் பொறியியல் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. சேர்க்கையைத் தாமே நடத்திக்கொள்கின்றன. ஆகவே, 2010-இல் தமிழக அரசு கொண்டுவந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையோ, 2021-இல் பொறியியலுக்கு வந்த அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடோ அங்கு எதிர்பார்க்க இயலாது. அவற்றைப் பெற வேண்டுமானால் கலந்தாய்வு வழியாக அண்ணா பல்கலைக்கழகத்தையும் அதன் இணைப்புக் கல்லூரிகளையும் நாட வேண்டும். 2007-இல் கிடைத்த 3.5 விழுக்காடு முஸ்லிம் இடஒதுக்கீடும் அந்த வழியில் நமக்குப் பயன்படும். எந்த வாசலில் எந்தச் சலுகை என்று தெரியாமல் நம் பெற்றோர்கள் மே, ஜூன் மாதங்களில் தரகர்களிடம் ஏமாறுகிறார்கள். ஆராய்ச்சி மாணவர்களுக்கு மத்திய அரசு வழங்கி வந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையும் 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. மேலிருந்து வரும் உதவி குறையும்போது, அருகிலிருப்பவர் கை நீட்ட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகனுக்குக் கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தது. முதல் கட்டணத்தைச் செலுத்த நான்கு நாள் தவணை. அஸர் தொழுகை முடிந்ததும் தந்தை கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹவுளு அருகில் நின்றார். யாரிடமும் கேட்கவில்லை, கேட்க அவருக்கு நாவு எழவில்லை. செய்தி அறிந்த நால்வர், தம் சொந்தப் பொறுப்பில் கடனாகக் கொடுத்தார்கள். பிள்ளை படித்து முடித்தான், கடனையும் தீர்த்தான். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் சகோதரர்களே, ஒவ்வொரு தந்தையும் ஹவுளு அருகில் வந்து நிற்பாரா? நின்றாலும் ஒவ்வொரு முறையும் நால்வர் கண்ணில் படுவாரா? தற்செயலாக நடந்த ஒரு நன்மையை ஒழுங்காக நடக்கும் நன்மையாக மாற்றுவதே நிர்வாகம். பி.எஸ்.ஏ. அவர்களின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுவே. தனித்தனியாகச் சதகா கொடுப்பவராக மட்டும் அவர் இருந்திருந்தால், அவரைப் பெற்றுக்கொண்டவர்கள் மட்டுமே நினைத்திருப்பார்கள். அவர் அதை நிறுவனமாக்கினார்கள்.

நம்மால் பல்கலைக்கழகம் கட்ட முடியாது. அல்லாஹ் அவரவர் சக்திக்கு மேல் எவரையும் கேட்பதில்லை. பல்கலைக்கழகத்தின் வாசல் வரை பிள்ளையைக் கொண்டு சேர்க்க நம்மால் முடியும். ஆகவே இன்றைய தீர்மானத்தை ஒட்டி ஐந்து யோசனைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: கல்வி நிதி பைத்துல்மாலில் தனிக் கணக்காக இருக்கட்டும். கட்டிடச் செலவுக்கோ விரிப்புச் செலவுக்கோ அதிலிருந்து எடுக்கக் கூடாது.

இரண்டு: சந்தாவோடு சேர்த்து மாதந்தோறும் இயன்ற சிறு தொகையை ஒவ்வொரு வீடும் தரட்டும். ஒருவர் பெருந்தொகை தருவதைவிட எல்லோரும் சிறுதொகை தருவது ஜமாஅத்துக்கு அழகு. ஸகாத் பணத்தைப் பொறுத்தவரை, அதைப் பெறத் தகுதியுள்ளோருக்கு மட்டுமே வழங்க வேண்டும் என்பதால், அதன் கணக்கு இதனோடு கலக்கலாகாது.

மூன்று: உதவியைக் கர்ழே ஹசனாவாக, வட்டியில்லாக் கடனாக வழங்குவோம். கட்டணம் கல்லூரிக்கே நேராகச் செலுத்தப்படட்டும். பிள்ளை வேலைக்குச் சென்ற பின் தவணையாகத் திருப்பித் தரட்டும். வாங்கியவர் கொடுப்பவராக மாறும்போது அவருடைய தலையும் நிமிர்ந்திருக்கும், நிதியும் வற்றாது.

நான்கு: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல். விண்ணப்பித்தவர் பெயரைப் பள்ளிவாசல் பலகையில் எழுத வேண்டாம். மூவர் குழு இரகசியமாகப் பார்த்து முடிவு செய்யட்டும். தொகை மட்டும் பொதுக்குழுவில் வாசிக்கப்படட்டும்.

ஐந்து: ஆண்டுதோறும் பொதுத்தேர்வு முடிவுக்கு முன்பே, நம் மஹல்லாவில் படித்து வேலையில் இருக்கும் இளைஞர்கள் ஒரு வழிகாட்டி அமர்வு நடத்தட்டும். கலந்தாய்வு எப்போது, எந்தச் சான்றிதழ் எந்த அலுவலகத்தில் கிடைக்கும், எந்தக் கல்லூரிக்கு முறையான அங்கீகாரம் உண்டு என்பதைச் சொல்லிக் கொடுக்கப் பணம் தேவையில்லை, மனம் போதும்.

பள்ளிவாசலின் மாடியில் இன்னொரு தளம் எழுப்ப வேண்டும் என்ற ஆவல் உங்களில் பலருக்கு இருப்பதை நாம் அறிவோம். ஜும்ஆவன்று வெயிலில் பாய் விரித்துத் தொழுபவர்களின் சிரமத்தையும் காண்கிறோம். அந்தப் பணி வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். இரண்டும் நடக்க வேண்டும். ஆயினும் தளம் ஓராண்டு தாமதமானால் அடுத்த ஆண்டு எழுப்பிக்கொள்ளலாம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு தாமதமானால், பெரும்பாலும் அவன் மீண்டும் புத்தகத்தைத் தொடுவதில்லை. எதை முன்னே வைப்பது என்று முடிவெடுக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள்.

அருமை இளைஞர்களே! உங்களுக்கு ஒரு சொல். முத்து வணிகத்தில் தொடங்கிய ஒருவர், தாம் படிக்காத படிப்பை ஆயிரமாயிரம் பேர் படிப்பதற்காக வகுப்பறை கட்டினார். அந்த வகுப்பறை உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கோ, அதுபோன்ற வேறோர் இடத்திலோ, உங்களுக்குரிய இருக்கையை உழைத்துப் பெறுங்கள். கட்டணம் பற்றிய கவலையைப் பெரியவர்களாகிய எங்கள் தோளில் வையுங்கள். மதிப்பெண் பற்றிய கவலையை உங்கள் தோளில் வையுங்கள்.

யா அல்லாஹ்! கல்விக்காகத் தம் பொருளைச் செலவிட்டு மறைந்த பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவாயாக! அவர்கள் எழுப்பிய நிலையங்களை ஏழைகளுக்கும் எட்டும் நிலையங்களாக ஆக்குவாயாக! இந்த ஜமாஅத்தின் பெரியோருக்கு நல்ல முடிவெடுக்கும் தெளிவையும், எம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.